ஒட்டன்சத்திர வட்டார மக்களின் மைதாத் துறவு: ஒரு பன்முகப் பார்வை

முன்னுரை

எந்த ஆய்வேடும் ஆதிமனிதனிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மரபு. ஆதிமனிதனுக்கு மைதா கிடைக்கவில்லை. முன்னுரை முற்றிற்று.

ஆய்வு எல்லை

கிழக்கே திண்டுக்கல் சாலைப் பரோட்டாக் கடை. மேற்கே பழனி சாலை டீக்கடை. வடக்கே தாராபுரம் சாலை பேக்கரி. தெற்கே மலை, ஆய்வாளரால் ஏற முடியாது. காரணம் ஆய்வுப் பொருளேயாகும்.

ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று இவ்வூரில் உள்ளது. முருங்கையும் தக்காளியும் கத்தரியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. காய் வெளியே போகிறது, மைதா உள்ளே வருகிறது. விடிய விடிய மூட்டை தூக்கியவர் நான்கு பரோட்டா சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். அந்த மூட்டைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவரும் நான்கு சாப்பிடுவதே சிக்கல்.

கலைச்சொல் விளக்கம்

கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி, எஞ்சிய நடுப்பகுதியை மட்டும் அரைத்துச் சலித்தால் மைதா. வெள்ளையாக இருக்கும், நார் இருக்காது, வயிற்றில் நீண்ட நேரம் நிற்காது. ஆய்வுலகில் இதற்குக் கருத்தரங்கக் கட்டுரை என்று பெயர்.

முன்னோடி ஆய்வுகள்

லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பான்டிங், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு இளைத்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். வாடிக்கையாளரின் அகலத்தைத் தொழில்முறையில் அறிந்தவர் என்பதால் இவர் கூற்று ஏற்கத்தக்கது. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி தின்றதும் எழுந்து நடப்பதையும் கண்டார். 1929இல் நோபல் பரிசு பெற்றார். குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு உண்ட எலிகள் முதலிடம். சென்னை மாகாணத்தார் சாப்பாடு உண்டவை கடைசி இடம். 2025இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாம் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்தே என்றது. எலிகள் திருந்தினாலும் நாம் திருந்தவில்லை என்பது பெறப்படும்.

துறவியர் பாகுபாடு

1. திங்கட்கிழமைத் துறவி: செவ்வாய்க்கிழமை இவரைக் காண இயலாது.

2. சப்பாத்தித் துறவி: இரவுச் சோற்றை விட்டவர், ஈடாக ஏழு சப்பாத்தி.

3. சிறுதானியத் துறவி: ராகி பிஸ்கட் உண்பவர். பாக்கெட்டின் பின்பக்கம் முதல் சரக்காக அச்சாகியிருப்பது மைதா. (காண்க: மேற்படி பாக்கெட், மடிப்புக்குக் கீழ்.)

4. பேலியோத் துறவி: எண்ணி நூறு பாதாம் உண்பவர். எண்ணும்போது யார் பேசினாலும் முதலிலிருந்து தொடங்குவார்.

5. பஞ்சாமிர்தத் துறவி: பிரசாதத்தில் கலோரி இல்லை என்பவர். (தகவலாளர்: என் பெரியம்மா. இடம்: திண்ணை. காலம்: சீரியலின் விளம்பர இடைவேளை.)

6. பரோட்டாத் துறவி: இவரைத் தனி இயலில் காண்போம்.

தனி இயல்: பரோட்டா

முதற்கண் எழுத்துச் சிக்கல். 'பரோட்டா' என்பது ஒரு சாரார். கடைப் பலகைகளோ 'புரோட்டா' என்கின்றன. பிற்சாரார் வாதம் எளியது: புரோட்டாவில் 'புரோட்டீன்' ஒளிந்திருக்கிறது, எனவே டயட்டுக்கு ஆகும். (காண்க: வடை மடித்துத் தந்த தாள், எண்ணெய் படாத பகுதி, வரி 4.) முற்சாரார் இதை மறுப்பர். (மேற்படி தாள், எண்ணெய் பட்ட பகுதி. வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிவதால் பாடபேதம் எழுந்தது. அதைத் தீர்க்க இரண்டாம் வடை வாங்கப்பட்டது.) இரு சாராரும் தத்தம் மாணவரைக் கொண்டு தத்தம் நூல்களையே மேற்கோள் காட்டச் செய்து முனைவர் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தனர். பரோட்டா ஆறிப்போயிற்று.

அடுத்தது எண்ணுச் சிக்கல். கடையில் கள ஆய்வு நிகழ்ந்தது. மாஸ்டர் மாவை வீசி விசிறி, கயிறாய்த் திரித்து, சுருட்டி, கல்லில் போட்டார். வெந்தவற்றை ஐந்தைந்தாக அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார், அடுக்கெல்லாம் விரிந்தது. இலையில் இரண்டு விழுந்தன. அவற்றைப் பிய்த்துச் சால்னாவில் மூழ்கடித்தபின் ஆய்வாளர் கேட்டார்:

"அண்ணே, இப்ப இதுல எத்தனை பரோட்டா இருக்கு?"

"பிச்சுப் போட்டப்புறம் என்னண்ணே கணக்கு? இன்னும் ரெண்டு வைக்கவா?"

இவ்விடையின் ஆழம் வீடு திரும்பும் வழியில்தான் விளங்கிற்று. பிய்த்தது பரோட்டா ஆகாது, துண்டு. துண்டுக்கு எண்ணில்லை. எண்ணில்லாததற்குக் கணக்கில்லை. இவ்வழியே சென்றால் கொத்துப் பரோட்டா உண்டவர் ஒரு பரோட்டாவும் உண்ணவில்லை என்பதோடு, முட்டை சேர்ந்ததால் புரோட்டீன் உண்டவரும் ஆகிறார். (ஒப்புநோக்குக: சால்னா வாளி, மேலடுக்கு, எண்ணெய்ப் பதிப்பு, அடியடுக்கு, மசாலாப் பதிப்பு. இடையிலிருந்த கறித்துண்டு பற்றிய குறிப்பு எல்லாப் படிகளிலும் சிதைந்துள்ளது.)

தரவுப் பகுப்பாய்வு

ஆய்வாளர் ஒரு கமிஷன் கடைத் தராசில் ஏறினார். முள் 86 காட்டியது. எடை போடுபவர் நோட்டில் 84 என்று எழுதினார்.

"ஏங்க, 86 இல்ல?"

"கழிவு ரெண்டு கிலோ போகும்ல. எல்லா மூட்டைக்கும் அப்படித்தான்."

மைதாத் துறவு தொடங்குமுன்பே இரண்டு கிலோ இறங்கியது. இவ்வளவு விரைந்த எடைக்குறைப்பை முன்னோடி ஆய்வுகள் எதிலும் காண முடியவில்லை.

பின் பரோட்டா, பன், சர்க்கரை போட்ட டீ ஆகியவை நிறுத்தப்பட்டன. சோறு பாதியானது, அந்த இடத்தில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் முட்டையும் வந்தன. முதல் வாரத்தில் 2 கிலோ இறங்கிற்று. அதில் பெரும்பங்கு தண்ணீர்: உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரையும் பிடித்து வைத்திருக்கும், அது கரைந்தால் இதுவும் போய்விடும். அதன்பின் இறக்கம் மெல்லவே வந்தது. சர்க்கரை மாத்திரை போடும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இதைப் பார்த்துத் தானும் இறங்கப் பார்த்தார். டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேட்டுவிட்டு இறங்கும்படி அறிவுறுத்தப்பட்டார். மூன்றாம் மாத முடிவில் முள் 80 காட்டியது.

காயைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் உடம்பு இறங்கும் என்பதைப் பெரியம்மா முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். புதுமை ஏதும் இல்லாததால் இதைக் கண்டுபிடிப்பாக ஏற்க இயலாது என நெறியாளர் நீக்கிவிட்டார்.

முடிவுரை

எடை போடுபவர் நோட்டில் 78 என்று எழுதினார்.