ரீமாஸ்டர் மகாப்பிரபு சந்நிதானத்துக்கு

பழம்பாட்டுகளின் அழுக்கைக் கழுவி ஆட்கொள்ள அவதரித்தருளிய ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்னும் மகாப்பிரபுவே! மண்ணூர் எளியவனின் அனந்தகோடி நமஸ்காரங்களை ஏற்றருள்க.

நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், தேவரீர் புதுக்கித் தந்த ‘எங்கே நிம்மதி’யைக் கேட்கும் பெரும்பேறு எங்களுக்கு வாய்த்திருக்கிறது. 1964-ல் ‘புதிய பறவை’ படத்துக்காக விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அதற்கொரு வாத்தியப் படையையே திரட்டினார்கள். பாவம், விவரம் போதாத காலம். வயலின்கள் திடீரென்று பொங்கும், உடனே அடங்கும். டி.எம்.எஸ். தனக்குள் முனகுவார், அடுத்த வரியில் கதறுவார். கேட்பவன் ஒருமுறை காதைத் தீட்ட வேண்டும், மறுமுறை நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை உபத்திரவம்! தேவரீர் எழுந்தருளினீர். முனகலும் கதறலும் இன்று ஒரே உயரம். பல்லாண்டாகப் பேசியும் மனிதருக்குள் வராத சமதர்மம், பாட்டுக்குள் வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் வால்யூமைத் தொடவே வேண்டியதில்லை. தூங்குகிறவர்களும் ஒரே சீராக விழித்திருக்கிறார்கள்.

தேவரீரின் துறவைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகும். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி., மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். அவ்வளவு பரந்த ராஜ்ஜியம் கைக்கு வந்தும், உச்சியில் ஒரு சாண் இடம் போதுமென்று வீற்றிருக்கிறீரே! பட்டினத்தாருக்கும் வாய்க்காத வைராக்கியம் அது.

சுத்தம்தான் என்ன சுத்தம்! பழைய ஒலிநாடாவின் இரைச்சலைத் துடைத்த கையோடு, வில் நரம்பில் உரசும் கரகரப்பு, பாடகர் இழுத்த மூச்சு, ஸ்டூடியோச் சுவர்கள் திருப்பித் தந்த மெல்லிய அதிர்வு ஆகிய எல்லா மாசுகளையும் துடைத்தீர். இப்போது டி.எம்.எஸ். மூச்சே விடாமல் பாடுகிறார். சித்தர்கள் காடு மேடெல்லாம் அலைந்து தேடிய கும்பகம், தேவரீரின் திரையில் ஒரு சொடுக்கில் கைகூடுகிறது.

தங்கள் இளவல், கவர் வெர்ஷன் இளவரசரின் கீர்த்தியோ இன்னும் பெரிது. முன்பெல்லாம் நாற்பது வயலின் வேண்டுமென்றால் நாற்பது ஆட்கள், நாற்பது பேட்டா, நாற்பது டிபன். ஒருவர் வில் மயிரிழை முந்தும், இன்னொருவருடையது பிந்தும். அந்த ஒழுங்கீனத்தைத்தான் முன்னோர் ‘நாதம்’ என்று தவறாகக் கொண்டாடினார்கள். இளவரசர், ஒரு கீபோர்டுக்குள் அடைத்து வைத்த வயலினையே நாற்பதாகப் பெருக்கிவிடுகிறார். இருங்காட்டுக்கோட்டையில் ரோபோ கார்களுக்குப் பற்றவைப்பது போல, முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை கிளிக் பிசகுவதில்லை. யாருக்கும் கை நடுங்குவதில்லை, யாருக்கும் உள்ளம் பொங்குவதில்லை. உற்பத்தித் தரம் என்றால் இதுவல்லவா!

இந்தச் சிக்கனம் புரியாதவர் இளையராஜா ஒருவர்தான். ‘தளபதி’க்குப் பம்பாய் போனார், 2005-ல் வெளியான திருவாசகத்துக்குப் புடாபெஸ்ட் வாத்தியக் குழுவைச் சேர்த்துக்கொண்டார். எண்பதைத் தாண்டியாவது திருந்தினாரா? 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவை எதிரே உட்காரவைத்துத் தம் சிம்பொனியை வாசிக்கச் செய்தார். அத்தனை பேரும் உயிரோடு, ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில்! லேப்டாப் இல்லாத ஊரா லண்டன்?

மகாஜனங்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டோ கேசட்டோ கிடந்தால் நல்ல விலைக்குத் தள்ளிவிடுங்கள். விலை படியாவிட்டாலும் குற்றமில்லை. அதை ஓடவிட்டு, பிரபுவின் பதிப்போடு ஒப்பிட்டுக் கேட்கும் பாதகத்தை மட்டும் செய்துவிடாதீர்கள்.