அண்ணைக்குக் கம்பு, அக்காவுக்கு உறை

ஒரு பாய் வாங்குகிற விஷயத்தில் கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க முடியும் என்பதைச் சிட்னிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அண்ணை வல்வெட்டித்துறைக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். அவர் மனைவியான அக்கா கணக்காளர், இன்னும் ஓய்வு பெறவில்லை, பெறவும் மாட்டார். அவர்களிடம் 34 அடியில் ஒரு பழைய பாய்ப் படகு இருக்கிறது. சனிக்கிழமைப் பந்தயத்துக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். முன்தளத்தில் நிறுத்திவிட்டார்கள். மற்ற எல்லோருக்கும் முழங்கால் வலியாம். எனக்கும் இரண்டு முழங்கால் உண்டே என்று யாரும் விசாரிக்கவில்லை.

சண்டைக்குக் காரணம் ஸ்பின்னேக்கர். காற்று பின்னாலிருந்து வீசும்போது படகின் முகப்பில் ஏற்றுகிற பெரிய நைலான் பாய். படகுக்காரர்கள் கைட் என்பார்கள். பழைய வகை சமச்சீரானது. நடுவில் மடித்தால் ஓரத்தோடு ஓரம் பொருந்தும். அதன் ஒரு மூலையைக் காற்று வரும் பக்கம் தள்ளிப் பிடிக்க, பாய்மரத்திலிருந்து நீளமாக ஒரு கம்பு வேண்டும். புதிய வகை சமச்சீரற்றது. ஓர் ஓரம் நீளம், இன்னொன்று குட்டை. முன்பக்கக் கீழ் மூலையைப் படகின் முகப்பான அணியத்திலோ, அணியத்துக்கு முன்னால் நீட்டிய மூக்குக் கம்பிலோ கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

அண்ணையிடம் இருந்தது பழைய வகை. கம்பு என் பொறுப்பு.

அவர் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி "ஜைப்!" என்று ஒரு குரல் கொடுப்பார். காற்றை முதுகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப் போகிறார் என்று அர்த்தம். உடனே நான் பாய்மரத்தில் முதுகை முட்டுக்கொடுத்து நின்று, கம்பின் ஒரு முனையைப் பாய்மர வளையத்திலிருந்து கழற்ற வேண்டும். கழற்றிய முனையை மறுபக்கக் கயிற்றில் கவ்வ வைக்க வேண்டும். பிறகு, அதுவரை முதல் கயிற்றைக் கவ்வியிருந்த முனையை விடுவித்து, கம்பைக் குறுக்கே தள்ளி, அதைக் கொண்டுவந்து வளையத்தில் மாட்ட வேண்டும். உள்ளே ஊசி 'டக்'கென்று விழுந்தால்தான் மூச்சு விடலாம். அந்த டக் கேட்கும்வரை பாய் இழுத்த இழுப்புக்கெல்லாம் கம்பு போகும். கம்போடு நானும் போவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிராட்லீஸ் ஹெட் முனையில் மேன்லி ஃபெரி தலைகாட்டும். செம்மஞ்சள் வைர அடையாளம் மாட்டிய ஃபெரிக்குப் பாய்ப் படகுகள் ஒதுங்கியே ஆக வேண்டும். இந்தத் துறைமுகத்துச் சட்டம் அப்படி. அண்ணை ஃபெரியைத் திட்டுவார், காற்றைத் திட்டுவார், கடைசியில் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, நித்திரையோ?" என்பார்.

ஆனால் அவர் வாதத்தில் நியாயம் உண்டு. கம்பு இருப்பதால் சமச்சீர் பாயைப் பாய்மரத்தில் கட்டிய பிரதானப் பாயின் மறைவிலிருந்து வெளியே இழுத்துவைக்கலாம். காற்றுக்கு நேராக முதுகைக் காட்டிக்கொண்டே போகலாம். சமச்சீரற்றதை அப்படி விட்டால் பிரதானப் பாயின் நிழலில் துவண்டு தொங்கும். அதற்குக் கோணம் வேண்டும். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும். நேர்வழியிலிருந்து 30 பாகை விலகினால் 100 மீட்டர் தூரம் 115 மீட்டர் ஆகிவிடும். வேகமும் அதற்கேற்பக் கூடினால் லாபம். கனத்த படகுக்கு எங்கே கூடும்? எங்கள் படகு தண்ணீரில் தொடும் நீளம் 28 அடி. அந்த நீளத்துக்கு வேக எல்லை சுமார் 7 நாட். அதற்கு மேல் உந்தினால் தான் எழுப்பிய அலையிலேயே மாட்டிக்கொண்டு திணறும். மெல்லிய காற்றில் கோணம் போடுவது கனத்த படகுக்கும் லாபம்தான். அண்ணை அப்போது கம்பைச் சற்று முன்னே விட்டு அதையும் சாதித்துவிடுவார்.

கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கட ஊர் அன்னபூரணி 1938-இல அமெரிக்கா போய்ச் சேர்ந்தது, தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். பொய்யில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்த இரட்டைப் பாய்மரக் கப்பல் மாசசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் வரை போயிருக்கிறது. அதன் குறுக்குப் பாய்கள் இருபுறமும் ஒரே அளவு. ஆகவே சமச்சீர் நமக்குப் பரம்பரைச் சொத்து என்று முடித்தார்.

அக்கா தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார்: "அதில எத்தனை பேர் போனவை? இதில நீங்களும் நானும்தானே?"

அக்காவின் ஆசை பந்தயமல்ல. பிட்வாட்டருக்கு, போர்ட் ஸ்டீபன்ஸுக்கு என்று இருவருமாக ஆறஅமரப் போய்வர வேண்டும். சமச்சீரற்ற பாய்க்கு நீளமான துணி உறை ஒன்று கிடைக்கிறது. ஒரு கயிற்றை இழுத்தால் உறை மேலேறிப் பாய் விரியும். இன்னொன்றை இழுத்தால் உறை இறங்கிப் பாயை விழுங்கிவிடும். பக்கம் மாற்ற வேண்டுமா? உறையை இறக்கு, படகைத் திருப்பு, உறையை ஏற்று. "கம்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம்" என்றார், ஆளை நேராகப் பார்த்தபடியே.

சிட்னியில் இந்தப் பேச்சுக்குத் தனி ருசி உண்டு. 1980-களில் இங்குள்ள 18 அடி ஸ்கிஃப் படகுப் பந்தயங்களில் சமச்சீரற்ற பாயை நிலைநாட்டியவர்களில் ஜூலியன் பெத்வெயிட் முக்கியமானவர். அவர் வடிவமைத்த 49இஆர் படகு 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கணபதியும் வருண் தக்கரும் ஓட்டியதும் அதே ரகப் படகைத்தான். அந்த மாதிரி இலேசான படகு தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடுகிற வேகத்தில் காற்று முன்பக்கம் திரும்பிவிடும். கோணம் போட்டுப் போவதுதான் அதற்குக் குறுக்குவழி. அக்கா இதைப் பிடித்துக்கொண்டார். அண்ணை அசையவில்லை. "அவை பொடியள். அந்தப் படகு எங்கட நங்கூரச் சங்கிலி அளவுக்கும் கனமில்லை."

எனக்குப் பட்டது இதுதான். சமச்சீர் பாய் கூட்டுக்குடும்பம். ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு வேலை; ஒருவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்கு உலை கொதிக்காது. சமச்சீரற்றது தனிக்குடித்தனம். பாய்க்கடைக்காரர் நைலானின் கனத்தையும் பரப்பளவையும் பேசுவார். படகில் உண்மையிலேயே எத்தனை பேர் ஏறப் போகிறார்கள் என்று அவர் கேட்க மாட்டார். கேட்டாலும் அண்ணை மாதிரி ஆட்கள் ஆறு என்று சொல்லி நான்கு பேருடன் வருவார்கள்.

கடைசியில் பழைய சமச்சீரற்ற பாய் ஒன்று உறையோடு மலிவாகக் கிடைத்தது. அக்கா யாரையும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டார். சனிக்கிழமைப் பந்தயத்துக்குக் கம்பு, ஊர்சுற்ற உறை என்று இப்போது சமாதானம். இரண்டும் சரிதான். கனத்த படகும் கைநிறைய ஆட்களும் இருந்தால் கம்பை விடாதீர்கள். இலேசான படகென்றால் யோசனையே வேண்டாம், சமச்சீரற்றதுதான். இருவர் மட்டும் போவதென்றால் உறையோடு வாங்குங்கள். நாள்கணக்கில் நேர் பின்காற்று வீசும் பெருங்கடல் பயணமா? இரண்டையும் மூட்டைகட்டிவிட்டு, சாதாரண முன்பாயைக் கம்பு வைத்து ஒரு பக்கம் நீட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.

இந்தச் சமாதானத்தில் எனக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை. ஆகவே, சிட்னியில் நீச்சல் தெரிந்த தமிழர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் புறப்பாடு. சாப்பாடு அக்கா கொண்டுவருவார். கம்பை நானே கையில் கொடுத்துக் கற்றுத்தருகிறேன்.