பட்டறைக்குப் புறப்படும் பிஸ்கட் டின்

மலாக்காவில், பழைய ஆவணங்களை மின்வடிவாக்கும் பட்டறை. எங்கள் குடும்பத்தின் சார்பில் நான் போகிறேன். யாரும் அனுப்பவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. அதையே ஏகமனதான தீர்மானமாக எடுத்துக்கொண்டேன். ஏற்பாட்டாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பு, கணினியையும் பொருள்களையும் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வரச் சொன்னது.

என் மடிக்கணினியில் விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது 2020 ஜனவரியோடு நின்றுபோனது. எனக்குத்தான் தூக்கிப்போட மனம் வரவில்லை என்றேன். "நானும் உங்களை அப்படித்தானே வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி.

அடுத்த சிக்கல் கணினியில் இடம். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 26 மெகாபைட். 600 டிபிஐ என்றால் அதுபோல் நான்கு மடங்கு. ஜேபெக் சின்னதுதான், ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்; மூலப்படி டிஃபில், பார்வைக்கு ஜேபெக் என்பது விதி. மகனின் விளையாட்டுகளை அழிக்கலாமா என்று கேட்டேன். அப்பாவின் காலை வணக்க வீடியோக்களை முதலில் எண்ணிப் பார்க்கலாமே என்றான். எண்ணவில்லை. புது ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டேன்.

பொருள்கள் எல்லாம் தாத்தாவின் பிஸ்கட் டின்னில். தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், 'தமிழ் நேசன்' நறுக்குகள். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுவிட்டது. நறுக்குகள் என் வீட்டில் இராமபாணப் பூச்சிக்கு இரையாகிக்கொண்டிருந்தன. கோலா சுங்கை பாருவின் கடல் காற்றில் கருவாடு கெடாது, காகிதம் கெடும். ஸ்டேப்பிள் முள்ளெல்லாம் துரு. கடிதக் கட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் உருகி, மேல் உறையோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பத்துக்கு ரப்பர் காட்டிய நன்றி.

முள்ளை வெடுக்கென்று பிடுங்கினால் தாளும் கூடவே வரும். தாளைத் திருப்பி, மடங்கிய இரு கால்களையும் மொண்ணைக் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்திவிட்டு, முன்பக்கமாக உருவ வேண்டும். என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி கத்தியை வாங்கிக்கொண்டாள். கிழிந்த இடத்தில் ஒட்ட நான் எடுத்து வைத்திருந்த செலோடேப்பையும் பறித்துக்கொண்டாள். அந்தப் பசை நாளாக ஆகப் பழுப்பேறித் தாளையே தின்றுவிடும் என்று குறிப்பில் இருந்ததாம். குறிப்பை முழுக்கப் படித்தவள் அவள்தான்.

"இதையெல்லாம் யாருங்க பார்க்கப் போறா?" என்றாள். காத்திருந்த கேள்வி. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானதையும், 2005-இல் ஈழத்து இளைஞர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கியதையும், 2001-இல் நம் கோலாலம்பூரில் நடந்த ஒரு மாநாட்டில் தமிழ் மரபு அறக்கட்டளை பிறந்ததையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அவங்களுக்கு எரிச்சுட்டாங்க. உங்களுக்கு டின் மூடியைத் திறக்கத்தானே சோம்பல்" என்று அடுத்த முள்ளை உருவினாள்.

மிச்சம் இருந்தது மேல்விவரப் பட்டியல். டப்ளின் கோர் என்பார்கள். 1995-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் உருவெடுத்தது. தலைப்பு, ஆக்கியவர், தேதி, உரிமை என்று மொத்தம் 15 கட்டங்கள். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாத்தாவைத் தவிர ஒருவரையும் தெரியவில்லை. அத்தையிடம் கொண்டுபோனேன்.

அத்தை விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். "இவன் கூட்டுப் பணத்தைத் தூக்கிட்டு ஓடினவன். இது கிராணி, செக்ரோல்ல பேரு போடக் கோழி கேப்பான். அந்தக் கடைசில நிக்கிறவ, லோரிக்காரனோட போயிட்டா." கோழிக்கு எந்தக் கட்டம் என்று தேடினேன். பதினைந்திலும் இல்லை. எல்லாவற்றையும் 'விவரம்' என்ற கட்டத்தில் கொட்டினேன்.

"இணையத்துல போட்டா உலகமே பார்க்கும் அத்தை" என்றேன் பெருமையாக.

அத்தையின் விரல் நின்றது. "பணத்தோட ஓடினவன் பேரன்தான்டா இப்ப நம்ம மாப்பிள்ளைக்கு முதலாளி. அதை எடுத்துடு. கிராணி செத்துட்டான், பாவம், கோழியையும் எடுத்துடு."

எடுத்தேன். வாசிக்கச் சொன்னார். 'தோட்டத் தொழிலாளர் சிலர்' என்று வாசித்தேன்.

"லோரிக்காரன் எங்கடா?"

"அதையும் எடுத்துட்டேன் அத்தை."

"அதை ஏன் எடுத்தே? அவ நல்லா வாழ்ந்தாடா. போடு."