களத்து மேட்டுல மூணாவது மாடி

இன்னா தம்பி, மூஞ்சி தொங்கிப்போய்க் கெடக்குது? தேதி பதினெட்டுதான் ஆவுது. அதுக்குள்ள பெட்ரோல் பங்க்ல கார்டைத் தேய்க்கிற. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் சேர்ந்து மாசம் லட்சத்தி எண்பதாயிரம் கையில வாங்கறோம்னு நீதானே சொன்ன? ஒண்ணாந்தேதி வந்த துட்டு எப்ப எழுந்து போச்சு?

இப்படி குந்து. போனை எடு. ஒண்ணுல இருந்து அஞ்சாந்தேதி வரைக்கும் பேங்க்காரன் அனுப்பின மெசேஜை ஒண்ணொண்ணாப் படி. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாவே கேக்கும்.

வூட்டு லோன் 52 ஆயிரம். காரு லோன் 19. வூட்டுக்கு உள்ள ஜோடிச்சதுக்கு பர்சனல் லோன் 18. கிரெடிட் கார்டுக்கு 20. அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் 5. புள்ள ஸ்கூலுக்கு மாசக் கணக்குல 15. ஊர்ல அம்மா அப்பாவுக்கு 10, அது ஒண்ணுதான் லேட்டானாலும் யாரும் போன் பண்ணி மிரட்ட மாட்டாங்க. கூட்டு. 139 ஆயிரம் ஆச்சா? மிச்சம் நாப்பதுதான் தேறுது. பாலு, அரிசி, பெட்ரோல், ஓட்டலு, ஆன்லைன் பொட்டலம்னு உன் செலவு அறுபதைத் தாண்டுது. இருபது துண்டு விழுது. அந்த இருபதை எங்க இருந்து எடுக்கற? எந்தக் கார்டுக்கு இருபதாயிரம் கட்டினியோ, அதே கார்டுல இருந்து!

1955-ல நம்ம ஆவடியில காங்கிரஸ் மாநாடு நடந்துச்சு. நேரு வந்தாரு. சோசலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டாங்க. இப்பத்தான் வந்து சேந்திருக்குது போல. பதினெட்டாயிரம் சம்பளக்காரனும் கடன்காரன், லட்சத்தி எண்பதாயிரம் சம்பளக்காரனும் கடன்காரன். எல்லாரும் சமம்.

சரி, வூட்டுக்கு வருவோம். நீ மூணாவது மாடியில குந்திக்கினு காபி குடிக்கிறியே, அதுக்கு நேர் கீழ எங்க தாத்தா நெல்லு காயப்போட்ட களம் இருந்துச்சு. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி பாய்ஞ்ச பூமி. நாங்க மண்ணை வித்தோம், நீ அதுக்கு மேல அந்தரத்தை வாங்கின. அதுல தப்பில்ல, குடியிருக்க எடம் வேணும்தானே. 60 லட்சம் கடன், எட்டரை வட்டி, இருபது வருசம். மாசம் 52,069 ரூவா. மொத மாசம் கட்டினியே, அதுல அசலுக்கு எவ்ளோ போச்சுன்னு பாத்தியா? 9,569. மிச்சம் 42,500-ம் வட்டி. இருபது வருசம் கட்டி முடிக்கறப்போ 1 கோடியே 25 லட்சம் ஆவுது. ஆனை அசைஞ்சு தின்னும், வூடு அசையாம தின்னும்னு சும்மாவா சொன்னாங்க?

இதுல இன்னொரு கூத்து. 2022 மே மாசம் 4 சதவீதமா இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி ஏத்திக்கினே போய், 2023 பிப்ரவரியில ஆறரையில நிறுத்திச்சு. உன் ஃப்ரெண்டு, ‘நல்லவேளை தாத்தா, எனக்கு இஎம்ஐ ஏறல’ன்னு சந்தோசப்பட்டான். இஎம்ஐ ஏறலடா கண்ணு, வருசம் ஏறிச்சு. அம்பத்தஞ்சு வயசுல முடியற கடன் அறுபதைத் தாண்டிப் போவுது. ஜனங்க ரொம்ப மொனகினப்புறம்தான் 2023 ஆகஸ்ட்ல, ‘இஎம்ஐயை ஏத்தறதா, காலத்தை நீட்டறதா, கடன்காரனையே கேளு’ன்னு ரிசர்வ் வங்கி பேங்க்குங்களுக்குச் சொல்லிச்சு. கேட்டு லெட்டர் வந்திருக்கும். பிரிச்சியா?

வூட்டுக் கடனையாவது மன்னிச்சு உட்டுடலாம். எனக்கு வயிறு எரியறது அந்த பிளாஸ்டிக் அட்டையைப் பாத்தாதான்.

கார்டு பில்லைக் காட்டு. நாலு லட்சம் பாக்கி. பக்கத்துலயே ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 20 ஆயிரம்’னு ஒரு நம்பர். அத்தக் கட்டிட்டு, கட்டிட்டோம்னு தூங்கற. வட்டி மாசத்துக்கு மூணரை. நாலு லட்சத்துக்கு 14 ஆயிரம். அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 2,520. ஆக 16,520 போச்சு. நீ கட்டின இருபதாயிரத்துல அசல் கரைஞ்சது 3,480 ரூவா! பாக்கி நிக்கற வரைக்கும், புதுசா வாங்கற சோப்பு சீப்புக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். அம்பது நாள் சும்மா குடுக்கறான்றது முழுசாக் கட்டறவனுக்குத்தான். குறைந்தபட்சம் மட்டும் கட்டினா வருசக்கணக்குல இழுக்கும்னு பில்லுலயே எழுதணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. எழுதித்தான் இருக்கான். எறும்பைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லணும், அவ்ளோதான்.

மார்க்கெட் வாசல்ல மல்லி விக்கறாளே ஒரு பொம்பள, அவ தண்டல் வாங்கறா. பத்தாயிரம்னு எழுதி ஒம்போதாயிரம் கையில வாங்கி, தெனம் நூறு ரூவா, நூறு நாள் கட்டறா. அநியாய வட்டிதான், நான் இல்லேன்னு சொல்லல. ‘அறிவில்லாம மீட்டர் வட்டிக்கு வாங்குதுங்க’ன்னு நீ கார் கண்ணாடியை ஏத்திக்கினே சொன்ன. ஆனா அவளைக் கேளு, ஆயிரம் ரூவா வட்டின்னு ரூவா சுத்தமா சொல்லுவா. இன்னும் எத்தினி நாள் பாக்கின்னு வெரல் மடக்காம சொல்லுவா. எம்பிஏ படிச்சவனே, உன் கார்டு என்னிக்கு முடியும்? சொல்லு பாப்போம்.

இன்னாத்துக்கு வாங்கின இவ்ளோ கடனு? மாடுலர் கிச்சன்! நான் வந்து பாத்தேனே. இழுத்தா வருது, தள்ளுனா சத்தமில்லாம மூடுது. மசாலா டப்பாவுக்கு ஒரு சந்து, மூலையில சுத்தற தட்டு, பொகை புடிக்க ஒரு மிசின். பொகையே வராத வூட்டுக்கு எதுக்குப்பா அந்த மிசினு? ராத்திரி எட்டு மணிக்கு கேட்டுல செவப்புச் சட்டையும் ஆரஞ்சு சட்டையும் வரிசையில நிக்குது, வாச்மேன் நோட்டுல பேரு எழுதியே கை வலிக்குதுன்றான். அஞ்சு வருசத்துக்குக் கடன் வாங்கி அடுப்பங்கரை கட்டிட்டு, சோறு மட்டும் குமணன்சாவடியில இருந்து வருது.

புள்ளைக்கு ஒரு வயசு ஆனப்போ பொறந்தநாள்னு கிளப் ஹவுஸ்ல மேடை போட்ட. புள்ள பயந்து அழுதுச்சு. வந்த புள்ளைங்களுக்குத் திருப்பிக் குடுக்கற பரிசே தலைக்கு 400 ரூவாயாமே. ஏன்டான்னா, ‘பி பிளாக்ல 350-க்குக் குடுத்தாங்க தாத்தா’ன்ற. பாமா விஜயம்னு ஒரு படம், 1967-ல பாலசந்தர் எடுத்தாரு. பக்கத்துல ஒரு சினிமா நடிகை குடிவந்துட்டான்னு, அவ முன்னாடி பவுசு காட்ட ஒரு குடும்பமே கடன்ல முங்கற கதை. அவங்களுக்காவது நெசமான நடிகை. உனக்கு பி பிளாக்!

அப்பால ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ன்னு ஒண்ணு. வட்டியே இல்லாம எவனாவது கடன் குடுப்பானா? பொறந்த புள்ள கூட நம்பாது. ரொக்கத்துக்கு வாங்கினா கிடைக்கற தள்ளுபடியை எடுத்து வட்டியில போட்டுட்டு, மேல ஒரு பிராசசிங் கட்டணம் தீட்டறான். பூஜ்ய வட்டின்ற பேச்சே கிடையாதுன்னு 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை உட்டாச்சு. பேரு மாறிச்சு, போன் மட்டும் வருசா வருசம் உன் பாக்கெட்ல மாறிக்கினே இருக்குது.

‘இன்க்ரிமென்ட் வந்தா சரியாப்பூடும் தாத்தா.’ போன வருசமும் இத்தத்தான் சொன்ன. வந்துச்சு. வந்த மாசமே சின்னக் காரைக் குடுத்துட்டு பெரிய காரு எடுத்த. மதகைத் தொறந்து உட்டுட்டு, ஏரி ரொம்பலேன்னு மழையைத் திட்டறியே!

உங்கப்பன் காலத்துல கடன் இல்லேன்னு கதை உடமாட்டேன். எல்லாரும் வாங்கினான். 1965-ல விஜயந்தா டாங்கி செஞ்சு வெளிய உட்ட ஆவடி ஃபேக்டரி ஆளுங்கள எனக்குத் தெரியும். டாங்கியே செய்யறவன், சைக்கிள்லதான் வூட்டுக்கு வருவான். சொசைட்டியில கடன், பிஎஃப்ல அட்வான்ஸ், தெருவுல சீட்டு, எல்லாம் உண்டு. ஆனா சொசைட்டிக்காரன் புடிச்சது போகத்தான் சம்பளக் கவர் கைக்கு வரும். பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினா, அது தீர்ற வரைக்கும் அடுத்த கடன் கேட்டா ஆபீஸ்ல ஃபார்ம் குடுக்க மாட்டான். உனக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் போன் பண்ணி, ‘சார், உங்களுக்கு அஞ்சு லட்சம் ரெடி’ன்றான். கேக்காமலே குடுக்கற ஊர்ல வேணாம்னு சொல்ல ஆளு வேணும். உன் வூட்டுல யாரு அந்த ஆளு?

சொல்லு, வூட்டுக்காரிக்கு அந்த நாலு லட்சம் தெரியுமா? ‘ரெண்டு லட்சம்னு சொல்லியிருக்கேன்’னா? சபாஷ். அவகிட்டயும் ஒரு கார்டு இருக்கும், அதுலயும் உனக்குச் சொன்னது பாதியாத்தான் இருக்கும். இன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் டிவியை நிறுத்திட்டு, ஒரு முழுப் பேப்பர்ல எல்லாக் கடனையும் எழுதுங்க. எவ்ளோ பாக்கின்னு பாத்து வரிசை வைக்காத. எதுக்கு வட்டி ஜாஸ்தியோ அது மேல. வூட்டுக் கடன் அடியில கெடக்கட்டும். கையில காசு வர்றப்ப கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி கட்டிக்கலாம், மாறும் வட்டிக் கடனா இருந்தா அதுக்கு அபராதம் கிடையாது. ஆனா மேல கார்டு எரியறப்ப கீழ தண்ணி ஊத்தாத.

பீரோவுல நகை தூங்குதுல்ல? கல்யாணத்துல ஒரு தரம், மச்சான் கல்யாணத்துல ஒரு தரம் போட்டது. அதை வச்சு பத்து சதவீத வட்டியில நாலு லட்சம் வாங்கி, கார்டை ஒரே அடியா அடை. மாசம் 16,520 போற எடத்துல 3,333-தான் வட்டி. அதே இருபதாயிரத்தை நகைக் கடன்ல கட்டிக்கினே வந்தா, ரெண்டு வருசத்துக்குள்ள நகை வூட்டுக்கு வந்துடும். வட்டியை ஆனி, ஆடின்னு தள்ளிப் போட்டியோ, ஏலத்துல எவனோ எடுத்துக்கினு போவான். ‘நகையை வச்சா நாலு பேரு என்ன நெனப்பாங்க’ன்றியா? அந்த நாலு பேரும் அடகுக்கடை வரிசையில உனக்கு முன்னாடிதான் நிக்கறாங்க, போய்ப் பாரு. ஆனா கார்டை அடைச்ச அன்னிக்கே கத்திரிக்கோல் எடுக்கணும். இல்லேன்னா ஆறு மாசத்துல நகையும் அடகுல, கார்டுலயும் நாலு லட்சம்.

இப்ப துண்டுக்கு வா. மாசம் இருபதாயிரம் கொறையுது. காரு 19. கணக்குப் புரியுதா? ஆபீஸ் இருக்கற எஸ்டேட் வரைக்கும் போறதுக்கு கரையான்சாவடி சிக்னல்லயே பாதி பெட்ரோலை எரிக்கற. ரெண்டு சக்கர வண்டி கீழ தூசு படிஞ்சு நிக்குது, அதுக்குக் கடன் முடிஞ்சு மூணு வருசம் ஆவுது. காரு லோன்ல இன்னும் எவ்ளோ பாக்கி, இப்பவே முடிச்சா எவ்ளோ புடிப்பான்னு பேங்க்ல கேட்டு எழுதி வாங்கிக்க. விக்கற வெலை அதுக்குக் கட்டினா போதும், லாபம் பாக்காத.

விக்கறதா இருந்தா சொல்லு. கொரட்டூர்ல எங்க மச்சான் பேரன் ஒருத்தன் காரு தேடிக்கினு இருக்கான். போன மாசம்தான் சம்பளம் ஏறிச்சாம். ரொக்கமாக் குடுப்பானான்னு மட்டும் கேக்காத, அவனும் லோன்தான் போடறான்.