அப்பல்லாம்

சிம்மக்கல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் வெளியூர்க்காரர் யாரும் வழி கேட்டுவிடக் கூடாது. கேட்டால், "நேராப் போங்க தம்பி. சென்ட்ரல் மார்க்கெட்டுல அங்கிட்டுத் திரும்பி, தங்கம் தியேட்டரைத் தாண்டினா ரெண்டாவது சந்து" என்பார். சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். தங்கம் தியேட்டர் ஜவுளிக்கடையாகிவிட்டது. கேட்ட பையன் ஒருமுறை போனைப் பார்ப்பான், ஒருமுறை அவரைப் பார்ப்பான்.

"மேப்புல அப்படி எதுவும் இல்லையேங்கய்யா."

"மேப்புக்கு என்னப்பா தெரியும்? அது நேத்து வந்தது."

எனக்கு அவர் சித்தப்பா முறை. ரத்த உறவெல்லாம் கிடையாது, ஒரே வளவில் குடியிருந்தோம். மதுரையில் பாதிச் சொந்தம் இப்படி வாடகை கொடுத்து வாங்கியதுதான். இரண்டு பக்கமும் வரிசையாகப் பதினோரு குடித்தனம், நடுவில் முற்றம், முற்றத்தின் நடுவில் கிணறு, கடைசியில் இரண்டு கக்கூஸ். வளவை இடித்துக் கடைகள் கட்டி வெகுகாலமாகிவிட்டது. சித்தப்பாவும் ஆனையூர்ப் பக்கம் மகனுடைய ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார். ஆனாலும் காலை ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து இந்த பெஞ்சுக்கு வந்துவிடுவார், ஆபீஸ் போகிறவர் மாதிரி. எந்தப் பேச்சையும் "அப்பல்லாம்" என்றுதான் தொடங்குவார். கடை மாஸ்டர் முதல் பேப்பர் போடுகிற பையன் வரை அவருக்கு அதுதான் பெயர். இவரைப் போல ஓர் 'அப்பல்லாம்' முனிச்சாலையிலும் உண்டு, தெற்குமாசி வீதியிலும் உண்டு. தெருவுக்கு ஒரு பிள்ளையார் மாதிரி.

இவர்களுடைய பழைய மதுரையில் விலைவாசி வருஷா வருஷம் இறங்கும். நான் கல்லூரியில் படித்தபோது, தங்கத்தில் தரை டிக்கெட் அறுபது பைசா என்று சொன்னார். எனக்குக் கல்யாணமானபோது அது நாற்பது பைசாவாகியிருந்தது. போன வாரம் கேட்டேன், இருபத்தைந்து. இதே வேகத்தில் போனால், இன்னும் பத்து வருஷத்தில் தியேட்டர்காரனே இவர் கையில் காசைக் கொடுத்துப் படம் காட்டியிருப்பான்.

விலை இறங்க இறங்க, வைகையில் தண்ணீர் ஏறும். முதலில் முழங்காலளவு, அப்புறம் இடுப்பளவு. இப்போது யானை முங்குகிறது. "வருஷம் பூரா ரெண்டு கரையும் தொட்டு ஓடும். ஏ.வி. பாலத்துலேருந்து குதிச்சு நீந்தி அக்கரை போவேன்." வைகை அணை திறந்தது 1959-ல். ஆதார் அட்டைப்படி சித்தப்பா பிறந்தது 1955-ல். அணைக்கு முந்தின வைகையில் நீந்தியிருந்தால் நாலு வயசுக்குள் நீந்தியிருக்க வேண்டும். அதையாவது ஒப்புக்கொள்ளலாம். 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு திறந்தபோது, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளில் தனக்கு இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே பார்த்ததாகச் சொல்வதைத்தான் விழுங்க முடியவில்லை. பிறக்கவே இல்லையே, அப்புறம் எப்படி இடம் கிடைக்கும்?

ஒன்று சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவைப் பற்றி அவர் பேசும்போது நான் கணக்குப் பார்ப்பதில்லை. அது நானும் கண்டது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி, மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சொந்தமெல்லாம் புளியோதரை மூட்டையோடு வளவுக்குள் வந்து இறங்கும். படுக்க இடமில்லாமல், துவைக்கிற கல்லில்கூட ஒரு மாமா சுருண்டிருப்பார். விடிவதற்குள் பெண்கள் செம்பில் நாட்டுச்சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, அதன்மேல் சூடம் கொளுத்தி, ஆடாமல் அசையாமல் ஆற்றுக்கு நடப்பார்கள். சூடு பட்டு இலை ஓரம் சுருங்குகிற வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வீடு திரும்பியதும் அந்தச் சர்க்கரைக்கு நாங்கள் போட்ட சண்டையில்தான் சித்தப்பாவின் முன்பல் போனது என்று ஒரு வரலாறு உண்டு.

ஆனால் அங்கேயும் மனுஷர் சும்மா இருக்க மாட்டார். இந்த வருஷம் அழகர் பச்சைப்பட்டு உடுத்தி வந்தால் நாடு செழிக்கும் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இவர் உதட்டைப் பிதுக்குவார். "இதெல்லாம் ஒரு பச்சையா? அப்பல்லாம் கட்டுவார் பாரு ஒரு பச்சை, கண்ணு கூசும்."

இந்த வியாதி இவரோடு வந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்கச் சொன்னார். இடித்து அகழியை மூடுகிறவர்களுக்கே இடம் என்று ஆசை காட்டி வேலையை முடித்தார். வெளிவீதிகள் வந்தன, மேஸ்திரி பெருமாள் பேரில் தெருக்கள் வந்தன, பிளாக்பர்னுக்கே விளக்குத்தூண் வந்தது. அன்றைக்கும் மாசி வீதித் திண்ணையில் ஒருத்தர் உட்கார்ந்து, "அப்பல்லாம் கோட்டைக்குள்ள ஒரு காத்து வரும் பாருங்க..." என்று ஆரம்பித்திருப்பார். அகழியில் கொசு மொய்த்ததை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

போன மாதம் ஒரு நாள் சித்தப்பாவுக்குச் சோதனை வந்தது. வளவில் மூன்றாவது வீட்டிலிருந்த பெரியம்மா, இப்போது வில்லாபுரத்தில் இருப்பவர், பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு டீக்கடைக்கே வந்துவிட்டார். சாட்சி கிடைத்த சந்தோஷத்தில் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மதினி. அப்பல்லாம் ஒரு வீட்ல குழம்பு வச்சா பதினோரு வீட்டுக்கும் போகும்ல?"

"போகும். கிண்ணந்தான் திரும்பி வராது. என் பேரு வெட்டுன எவர்சில்வர் கிண்ணம் இன்னும் உங்க வீட்லதான் இருக்கு தம்பி."

"ஒருத்தரும் கதவைச் சாத்த மாட்டோம்..."

"கதவு எங்க இருந்துச்சு? சாக்குத்தான தொங்குச்சு."

"ஒரே குடும்பம் மாதிரி..."

"விடிகாலை நாலு மணிக்கு வாளியோட வரிசைல நிப்போம். நீங்க பேப்பரை எடுத்துக்கிட்டு உள்ள போவீக. விளையாட்டுச் செய்தி வரைக்கும் படிச்சிட்டுத்தான் வெளிய வருவீக. குடும்பமாம்."

டீக்கடையே சிரித்தது. சித்தப்பா கிளாசின் அடியில் படிந்திருந்த சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு இருபது வருஷக் கடன் வசூலான திருப்தி.

பெரியம்மா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னா தண்ணியோ இது. நம்ம கிணத்துத் தண்ணியில பருப்பப் போட்டா ஒரே கொதியில பூவா வெந்துரும்."

சித்தப்பா கிளாசைக் கீழே வைத்தார். "மாஸ்டர், மதினிக்குப் பால் கூட்டி இன்னொரு டீ. நம்ம கணக்கு."

அப்புறம் ஒரு மணி நேரம் ஓடியது. பருப்பிலிருந்து ரசத்துக்கு, ரசத்திலிருந்து கோடையிலும் வற்றாத ஊற்றுக்கு. கிணறு எங்கே இருந்தது என்பதில் மட்டும் ஒத்துவரவில்லை. வாசலை ஒட்டி என்றார் சித்தப்பா. கக்கூஸ் பக்கத்தில், அதுதான் தன் தலைவலியே என்றார் பெரியம்மா.

எனக்கான பஸ் வந்து நின்றது. "ரெண்டு பேருமே தப்பு, அது நட்டநடு முத்தத்துல" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தேன்.