ஐந்துக்கு ஐந்து

ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். என்னையும் சேர்த்து நாற்பது பேரை ஒரு ஏசி ஹாலில் இரண்டு நாள் உட்காரவைத்து 'லீடர்ஷிப்' சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை நாலரைக்கு ஃபீட்பேக் படிவம் வந்தது. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுத்தவர் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றார். படிவத்தை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு வேனில் ஏறினேன். நியாயமாகப் பார்த்தால் அந்த மார்க் மத்தியானம் போட்ட கேரட் அல்வாவுக்குச் சேர வேண்டியது.

அந்தப் படிவத்துக்கு ஒரு தாத்தா உண்டு. டொனால்ட் கிர்க்பேட்ரிக், அமெரிக்கர். பயிற்சி உருப்படியாக நடந்ததா என்று பார்க்க 1959இல் நாலு படிகள் கட்டிக்கொடுத்தார். வந்தவருக்குப் பிடித்ததா? ஏதாவது கற்றுக்கொண்டாரா? வேலைக்குத் திரும்பிய பிறகு அதன்படி நடக்கிறாரா? கடைசியாக, கம்பெனிக்கு ஏதாவது தேறியதா? நல்ல மனுஷர், நல்ல படிகள். உலகம் முதல் படியில் ஏறியது, அல்வா சாப்பிட்டது, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

பிறகு ஜாக் பிலிப்ஸ் என்பவர் மேலே ஐந்தாவதாக ஒரு படி கட்டினார். அதுதான் ஆர்.ஓ.ஐ., போட்ட காசுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்கிற கணக்கு. பலனிலிருந்து செலவைக் கழி, செலவால் வகு, நூறால் பெருக்கு. ஆறாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. செலவுக்கு பில் இருக்கிறது. பலனுக்கு பில் கொடுக்க எந்தக் கடையும் திறக்கவில்லை.

சரி, இதெல்லாம் கோட்டு சூட்டு போட்ட ஹெச்.ஆர். ஆசாமிகள் கண்டுபிடித்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் போட்ட காசுக்கு ஐம்பது சதவீதம், நூறு சதவீதம் என்று அடித்துவிட்டிருக்கிறார். அதுவும் நம்முடைய பாடப் புத்தகங்களில் சோஷலிசத்தின் முன்னோடி என்று சாது முகத்தோடு நிற்கிறாரே, அந்த ராபர்ட் ஓவன்!

ஓவன் வேல்ஸ் நாட்டுப் பையன். ஜவுளிக்கடையில் எடுபிடியாகத் தொடங்கி, இருபது வயதிலேயே மான்செஸ்டர் நூற்பாலை ஒன்றில் மேனேஜர். 1799இல் ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் நியூ லனார்க் என்ற ஆலையைப் பங்காளிகளோடு சேர்ந்து வாங்கினார். ஆலை முதலாளி டேவிட் டேலின் மகளையும் அதே சூட்டில் கல்யாணம் செய்துகொண்டார். விலை அறுபதாயிரம் பவுண்டு. ஆலைக்கு மட்டும்தான்.

அந்தக் காலத்து நூற்பாலை என்றால் தெரியுமே, குழந்தைகளை மெஷினுக்கு அடியில் ஓடவிட்டு வேலை வாங்குவார்கள். ஓவன் பத்து வயதுக்குக் கீழே யாரும் வேலைக்கு வேண்டாம் என்றார். நல்ல சரக்கை நியாய விலையில் விற்கும் கடை வைத்தார். ஒரு சமயம் அமெரிக்காவிலிருந்து பஞ்சு வராமல் ஆலை நாலு மாதம் மூடிக் கிடந்தபோது வேலை செய்யாத ஜனங்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தார். ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் போச்சு. பங்காளிகளுக்கு வயிறு எரிந்திருக்கும், பாவம்.

அதோடு மனுஷர் ஓர் அப்ரைசல் சிஸ்டமும் வைத்திருந்தார். பேர் 'மௌனக் கண்காணிப்பாளர்'. நாலு பக்கம் உள்ள ஒரு சின்ன மரக்கட்டை. பக்கத்துக்கு ஒரு நிறம். கறுப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் என்றால் நல்லது, வெள்ளை என்றால் பிரமாதம். ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் ஒரு கட்டை தொங்கும். முந்தின நாள் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்களோ அந்த நிறம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருப்பார்கள். ஓவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆலைக்குள் நடப்பார். யாரையும் திட்ட மாட்டார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

ஆரம்பத்தில் ஒரே கறுப்பாக இருந்ததாம். வருஷங்கள் போகப் போக மஞ்சளும் வெள்ளையுமாக மாறியதாம். எழுதியிருப்பவர் ஓவனே. ஜனங்கள் திருந்தினார்களா, கட்டையைத் திருப்புகிற மேஸ்திரி திருந்தினாரா என்று அவரும் கேட்கவில்லை, கட்டையும் சொல்லவில்லை. அதன் பேரிலேயே மௌனம் இருக்கிறது.

1813இல் மற்ற ஆலை முதலாளிகளுக்கு ஒரு புத்திமதி எழுதினார். செத்த மெஷினுக்கு எண்ணெய் போடுகிறீர்கள், துடைக்கிறீர்கள். உயிருள்ள மெஷினைக் கவனிக்க வேண்டாமா என்று கேட்டார். அதற்குப் போடுகிற காசு ஐந்தோ பத்தோ பதினைந்தோ தராது ஐயா, ஐம்பது தரும், பல இடத்தில் நூறே தரும் என்றார். தன்னுடைய ஆலையில் இப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டதாம், கூடிய சீக்கிரம் நூறாம். 'கூடிய சீக்கிரம்' என்ற சொல்லை ஈமு கோழி விளம்பரத்தில் பார்த்துக் காசு போட்ட கொங்கு நாட்டுக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

பங்காளிகள் நம்பவில்லை. ஸ்கூல் கட்டுகிறேன் என்று ஓவன் சொன்னதும் ஆளைக் கழற்றிவிட முடிவு செய்து ஆலையை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலிவாக அமுக்க வேண்டுமே. இது நாற்பதாயிரம்கூடப் பெறாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்கள். ஓவன் சத்தமில்லாமல் லண்டன் போய் வேறு பங்காளிகளைப் பிடித்துக்கொண்டு வந்து ஏலத்தில் உட்கார்ந்தார். ஏறி ஏறி 1,14,100 பவுண்டில் அவர் பேருக்கே முடிந்தது. பழைய பங்காளிகள் ஜெயிக்கப்போகிற தெம்பில் அன்றைக்கு ராத்திரி ஒரு விருந்துக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நாற்பதாயிரம்கூடப் பெறாது என்று சொன்ன சொத்தை 1,14,100க்கு விற்ற சாமர்த்தியத்துக்காக என்று விருந்தில் ஒருவர் கோப்பையைத் தூக்கினாராம். சாப்பாடு யாருக்கும் இறங்கியிருக்காது.

புதுப் பங்காளிகளில் ஒருவர் பேரைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஜெரமி பெந்தம்! மனித சந்தோஷத்தை எவ்வளவு ஆழம், எத்தனை நேரம், எவ்வளவு நிச்சயம் என்று ஏழு விதமாக அளந்து கணக்குப் போடலாம் என்று சொன்ன அதே தத்துவ மேதை. அவர் போட்டது பத்தாயிரம் பவுண்டு. ஒப்பந்தம் என்ன தெரியுமா? பங்காளிகளுக்கு வருஷத்துக்கு ஐந்து சதவீதம், அதற்கு மேல் வருவது ஸ்கூலுக்கும் ஜனங்களுக்கும். நூறு சதவீதம் என்று முழங்கிய ஓவன் ஐந்து தருகிறேன் என்றார். சந்தோஷத்தையே கிராம் கணக்கில் நிறுத்த நினைத்தவர் ஐந்து போதும் என்று கையெழுத்துப் போட்டார். பெந்தம் வாழ்நாளில் செய்த முதலீடுகளில் உருப்பட்டது இது ஒன்றுதான் என்று சொல்வதுண்டு.

(1832இல் அவர் இறந்தபோது உடம்பை வீணாக்கக் கூடாது என்று உயில் எழுதிவைத்திருந்தார். எலும்புக்கூட்டுக்கு அவருடைய சட்டையையே மாட்டி, மெழுகுத் தலை வைத்து, லண்டன் யூனிவர்சிடி காலேஜில் இன்றைக்கும் உட்காரவைத்திருக்கிறார்கள். இறந்த பிறகும் ரிட்டர்ன்!)

1816 ஜனவரி ஒன்றாம் தேதி பள்ளி திறந்தது. நடந்து பழகிய குழந்தைகளுக்கெல்லாம் பாட்டு, நடனம். ஐரோப்பாவே வேடிக்கை பார்க்க வந்தது. பின்னாளில் ரஷ்யாவின் ஜாராகப்போகும் நிக்கலஸ்கூட வந்துவிட்டுப் போனார். புதுப் பங்காளிகளில் குவேக்கர் பக்திமான்கள் உண்டு. அவர்களுக்கு லாபத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பையன்கள் முழங்கால் தெரிய கில்ட் கட்டி ஆடுகிறார்களே என்பதுதான் அவர்களுடைய ஆடிட் அப்ஜெக்ஷன்களில் ஒன்று.

லாபம் வந்ததா? வந்தது, நிறையவே. ஆனால் அந்தச் சமயம் பிரிட்டனில் பஞ்சு நூல் நன்றாக நடத்துகிற ஆலைக்குப் பொன் காய்க்கிற மரம். டான்ஸினால் வந்ததா, நூலினால் வந்ததா? அதைச் சொல்ல டான்ஸ் இல்லாத இன்னொரு நியூ லனார்க் வேண்டும். அது யாரிடமும் இல்லை.

நூல் இல்லாமல் வெறும் டான்ஸை மட்டும் வைத்துப் பார்க்கிற வாய்ப்பை ஓவனே ஏற்படுத்திக்கொடுத்தார். 1825இல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஒரு ஊரையே விலைக்கு வாங்கி 'நியூ ஹார்மனி' என்று பேர் வைத்து, யார் வேண்டுமானாலும் வாருங்கள், சமமாக வாழலாம் என்றார். வந்தார்கள். சொற்பொழிவுக்கு ஆள் இருந்தது, அரசியல் சட்டம் எழுத ஆள் இருந்தது. கைத்தொழில் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. இரண்டே வருஷம். ஓவனின் சொத்தில் ஐந்தில் நாலு பங்கு போயே போச்சு.

ஆக, டான்ஸ் இல்லாத அந்த இன்னொரு நியூ லனார்க்கை முன்கூட்டியே தயார் செய்துவைக்க ஒரு நூறு வருஷம் கழித்து ஒருவர் வந்தார். பாஸ்டன் டாக்டர் ரிச்சர்ட் கேபட். மருத்துவ உலகத்தில் அவரைக் கண்டாலே பயம். உயிரோடு இருக்கும்போது டாக்டர்கள் என்ன வியாதி என்று சொன்னார்கள், போஸ்ட்மார்ட்டத்தில் என்ன வியாதி என்று தெரிந்தது என்று ஆயிரக்கணக்கான கேஸ்களை ஒப்பிட்டு, சக டாக்டர்கள் எத்தனை முறை தவறினார்கள் என்று அச்சிலேயே போட்டவர். இன்றைக்கு கூகுள் ரிவ்யூவில் ஒரு ஸ்டார் குறைந்தாலே ஆஸ்பத்திரிகள் பதறுகின்றன. கேபட் போட்ட ரிவ்யூவில் நோயாளியே சாட்சி.

1931இல் சமூக சேவகர்களின் தேசிய மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். பொன்னாடை போர்த்திக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போகலாம் அல்லவா? நீங்கள் செய்கிற சேவையால் யாருக்காவது பலன் உண்டா, அளந்து பார்த்தீர்களா என்று மேடையிலேயே கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல் தானே இறங்கினார். கேம்ப்ரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் சின்னப் பையன்கள் 506 பேர். வயது, குடும்பம், குணம் பார்த்து 253 ஜோடி. ஜோடிக்கு ஒரு நாணயம் சுண்டினார்கள். ஒரு பையனுக்கு எல்லா உதவியும். இன்னொருவனுக்கு ஒன்றும் இல்லை. நாணயம் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை பாருங்கள்.

உதவி என்றால் சாதாரண உதவியா? மாதம் இரண்டு முறை வீடு தேடி வரும் ஆலோசகர், டியூஷன், வைத்தியம், சம்மர் கேம்ப். சராசரியாக ஐந்து வருஷத்துக்கும் மேல். திட்டம் தொடங்கிய 1939லேயே கேபட் காலமாகிவிட்டார். முதல் கணக்கெடுப்பில் இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சீக்கிரம் பார்த்துவிட்டோம், போகப் போகத் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

போகப் போகத் தெரிந்தது. ஜோன் மெக்கார்ட் என்ற பெண்மணி முப்பது வருஷம் கழித்து அந்தப் பையன்களை (தலை நரைத்த பையன்களை) கிட்டத்தட்ட ஒருவர் விடாமல் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களைக் கேட்டால் மூன்றில் இரண்டு பேருக்கு மேல், ஆஹா, அந்தத் திட்டம் இல்லையென்றால் நாங்கள் எங்கே என்று நெகிழ்ந்தார்கள். ஐந்துக்கு ஐந்து! மெக்கார்ட் அதோடு வேனில் ஏறியிருக்கலாம். அவர் கோர்ட் ரிக்கார்டையும் ஆஸ்பத்திரி ரிக்கார்டையும் இறப்புச் சான்றிதழையும் புரட்டினார். ஒன்றுமே பெறாத கோஷ்டியைவிட உதவி பெற்றவர்கள் மறுபடி மறுபடி குற்றம் செய்ததும், குடிக்கு அடிமையானதும், சீக்கிரம் செத்ததும் அதிகம். 1978இல் அச்சிட்டார்.

நன்றி பொய்யில்லை. அந்த ஆலோசகர்கள் அன்பானவர்கள், பையன்களுக்கு அவர்களைப் பிடித்திருந்தது. கேரட் அல்வாவும் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

எங்கே கோளாறு? மெக்கார்ட் பின்னால் கிளறிப் பார்த்ததில் அதிகம் சேதமானவர்கள் சம்மர் கேம்ப்புக்கு இரண்டாவது தடவை போனவர்கள். வால்பையன்கள் ஒரே கூடாரத்தில் தூங்கினால் ராத்திரி என்ன பேசுவார்கள்? பயிற்சி பிரமாதமாக நடந்திருக்கும். பயிற்சி கொடுத்தது கேபட்டின் ஆட்கள் இல்லை, அவ்வளவுதான்.

அதே 1978இல் இன்னொரு கூத்து. நியூ ஜெர்சியில் ராவே சிறைச்சாலை. சேட்டைப் பையன்களை உள்ளே கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் காதில் ரத்தம் வரும்படி கத்தவைத்து பயமுறுத்தினால் திருந்திவிடுவார்கள் என்று ஒரு திட்டம். அதை 'ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்' என்று படமாக எடுத்தார்கள். டி.வி. தொடரில் 'கொலம்போ'வாக நடித்த பீட்டர் ஃபாக் பின்னணி பேச, ஆஸ்கரே கிடைத்தது. வீட்டில் அடங்காத பிள்ளையை வைத்திருந்த ஒவ்வொரு ஊரும் எங்களுக்கும் ஒரு ஜெயில் என்று கிளம்பியது.

ஜேம்ஸ் ஃபிங்கனவர் என்ற பேராசிரியர் மட்டும் ஜெயிலுக்குப் போகாத பையன்களையும் எண்ணிப் பார்த்தார். போகாதவர்களில் மறுபடி தப்பு செய்தது நூற்றுக்குப் பதினொரு பேர். போய் பயந்துவந்தவர்களில் நாற்பத்தொரு பேர். திட்டத்தின் செலவு என்னவோ சல்லிசுதான். வாஷிங்டன் மாநிலத்தின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2004இல் இந்த மாதிரி திட்டங்களுக்கு ஆர்.ஓ.ஐ. போட்டது. பையன் ஒருவனுக்கு 54 டாலர் செலவு. அதனால் பிறகு விளைந்த குற்றங்களின் நஷ்டம் 11,002 டாலர். ஒரு டாலர் போட்டால் இருநூற்று மூன்று டாலர் கைவிட்டுப் போகிறது. இந்த வேகத்தில் காசைத் தொலைக்க ஓவனாலேயே முடியவில்லை.

கணக்கு வெளியானதும் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு மூட்டை கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 2011இல் அதே தயாரிப்பாளர் இதையே டி.வி. தொடராக எடுத்தார். 2015 வரை ஓடியது.