மார்ஜார கிரகணம்: மைசூரில் பூனைக்குட்டி தேர்வது பற்றிய ஒரு விசாரணை

மைசூரில் பூனை வளர்க்க நினைப்பவர் முதலில் கௌடில்யரைத் தாண்டியாக வேண்டும். தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர் இந்த ஊர்க் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த கிரந்த எழுத்துச் சுவடி அர்த்தசாஸ்திரம்தான் என்று 1905இல் கண்டுகொண்டவர் ஆர். சாமா சாஸ்திரி. 1909இல் அதை அச்சேற்றினார். அன்று முதல் அறிஞர் உலகம் அதில் ஒற்றர்களையும் வரிவிகிதங்களையும் தேடிக்கொண்டிருக்கிறது. நான்காம் அதிகரணத்தில் உள்ள பூனை விவகாரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. எலித்தொல்லை வந்தால் பூனைகளையும் கீரிகளையும் அவிழ்த்துவிட வேண்டும்; அவற்றைப் பிடித்தாலோ கொன்றாலோ 12 பணம் அபராதம். இது அங்கே உள்ள விதி. கொன்றவனுக்கு அபராதம் நியாயம். பிடித்தவனுக்குமா?

எலித்தொல்லைக் காலத்துக்கு மட்டுமே இவ்விதி செல்லும் என்று சிலர் வாதிடலாம். அரிசி விற்கும் ஊர் எதிலும் அந்தக் காலம் முடிவதில்லை. தத்தெடுப்பது பிடிப்பதாகாது என்பாரும் உளர். இதே ஊர் உயிரியல் பூங்காவில் பணம் கட்டினால் ஓராண்டுக்குப் புலியையே தத்தெடுக்கலாம் என்பது அவர்கள் காட்டும் சான்று. அது செல்லாது. அங்கே புலி பூங்காவிலேயே இருக்கும்; ரசீது மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

ஆகவே குட்டியை நாம் பிடிக்கக் கூடாது, குட்டி நம்மைப் பிடிக்க வேண்டும் என்பதே சட்டத்துக்கு உட்பட்ட ஒரே வழி. இந்த இடத்தில் வேதாந்தம் குறுக்கிடுகிறது. தாய்ப்பூனை வாயில் கவ்விய குட்டியைப் போல ஜீவன் சும்மா கிடந்தால் போதும், பகவான் தூக்கிக்கொள்வான் என்பது தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம். தாய்க்குரங்கின் வயிற்றைக் குட்டிதான் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். மைசூர் அரண்மனையின் குருபீடமான பரகால மடம் வடகலை. ஆதலால் இவ்வூரில் குரங்குதான் அரசாங்கக் கட்சி. அதுவே சரி என்று இந்த ஆய்வும் முடிவு செய்கிறது. மார்ஜார நியாயம் எதற்கு வேண்டுமானாலும் பொருந்தட்டும், பூனைக்குட்டி தேர்வதற்கு மட்டும் பொருந்தாது.

செய்முறை எளிது. அக்ரஹாரத்துப் பழைய வீடு ஒன்றின் பின்கட்டில் நான்கு குட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். தரையில் உட்கார வேண்டும். கை நீட்டக் கூடாது, ‘புஸ் புஸ்’ என்று கூப்பிடவும் கூடாது. குட்டி ஏறிட்டுப் பார்த்தால் கண்ணை மெல்ல மூடித் திறக்கலாம். அப்படிச் செய்பவரிடம் பூனைகள் நெருங்கி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதை அவர்கள் ஆராயவில்லை. வந்து முகர்ந்து, மடியில் ஏறி, வேட்டி நுனியைக் கடிக்கும் குட்டி தேறியது. பீரோவுக்கு அடியிலிருந்து சீறுவதை உடனே தள்ளிவிட வேண்டாம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பட்டுப் பழகியதா என்பதுதான் கேள்வி. பழகாத குட்டியும் திருந்தும், நாளாகும். எல்லாவற்றுக்கும் பேசாமல் ஒடுங்கிக் கிடப்பதைச் சாது என்று சொல்லி எடுத்துவருகிறார்களே, அதுதான் தவறு. பல நேரம் அதற்குக் காய்ச்சல்.

தானாக வந்த குட்டியின் அங்கங்களைப் பார்ப்பது கிரகணத்தில், அதாவது பிடித்தலில், சேராது என்பது என் துணிபு. கண்ணில் பீளை கூடாது. உள்மூலையிலிருந்து வெண்சவ்வு ஏறி வந்து கண்ணை மறைக்கவும் கூடாது. காதுக்குள் காபிப்பொடி கொட்டியதுபோல் கருப்பாக இருந்தால் அங்கே சிற்றுண்ணி குடியிருக்கிறது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் சோகை. முதுகெலும்பு தெரிய வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது கொழுப்பு இல்லை, குடற்புழு. ரோமத்தைக் கோதி, உதிரும் கரும்பொட்டுகளை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால், சிவப்பாகக் கரைவது தெள்ளுப்பூச்சியின் எச்சம். வாலடியும் சுத்தமாக இருக்க வேண்டும். நீலக்கண் வெள்ளைக்குட்டி என்றால் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டுக. அவற்றில் பல செவிடு. குர்குர் ஒலியை நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம், வலியிலும் பூனை அப்படி ஒலிக்கும்.

எட்டு வாரமாவது தாயோடு இருந்த குட்டியே நல்லது. கொடுப்பவர் சொல்லும் வயதைவிடக் கண்ணின் நிறம் நம்பகமானது: எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலக்கண், ஏறத்தாழ ஏழாவது வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். தடுப்பூசி, புழுமருந்து பற்றி மருத்துவர் சொல்வார்.

எஞ்சியிருப்பது குலம் கோத்திரம். குட்டியின் துணிச்சலில் தகப்பனின் சுபாவத்துக்குப் பங்கு உண்டு என்று 1995இல் சாண்ட்ரா மெக்கூன் காட்டினார். தகப்பன் குட்டிகளைப் பார்த்ததே கிடையாது என்றாலும் அப்படித்தான். ஆகவே கடுவனை விசாரிக்க வேண்டும். மைசூர்த் தெருக்களில் எந்தக் கடுவனும் முகவரி கொடுத்துவிட்டுப் போவதில்லை என்பதால், ஈற்றில் ஒரு செவலைக்குட்டி கண்டதும் மதில்மேல் திரியும் செவலைக் கடுவன்மீது பழி விழுகிறது. இது மரபியலுக்கு முரண். செவலை நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண்குட்டிக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆண்குட்டியைக் காட்டி அந்தக் கடுவன்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. உடல் முழுக்கச் செவலையான பெட்டைக்குட்டி இருந்தால் கதை வேறு. அதற்கு இரு பக்கமிருந்தும் அந்நிறம் வந்தாக வேண்டும், கடுவன் தப்ப முடியாது. ஆனால் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன்மார் பலராகவும் இருக்கலாம். அக்ரஹாரத்து நான்கில் பெட்டைச் செவலை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மீதி மூன்றுக்கும் அந்தக் கடுவன் பொறுப்பேற்க வேண்டியதில்லை.